புளியந்தீவும் வாவிக்கரையும்: எந்த நேரத்தில் எங்கே போனால் நல்லது

மட்டக்களப்பு நகரத்தைப் பார்க்க வருகிறவர்களில் பலர் பகல் பதினொரு மணிக்குக் காந்தி பூங்காவில் நின்று, வியர்வையைத் துடைத்துக்கொண்டு, “இவ்வளவுதானா?” என்று கேட்டுவிட்டுப் பாசிக்குடாவுக்குப் பஸ் ஏறிவிடுகிறார்கள். ஊரில் குறையில்லை. வந்த நேரம்தான் பிழை. இது மணிக்கூட்டைப் பார்த்து நடக்கவேண்டிய ஊர். கோட்டைக்கு ஒரு நேரம், மீன் சந்தைக்கு ஒரு நேரம், பாலத்துக்கு ஒரு நேரம் என்று இருக்கிறது. அந்த ஒழுங்கு பிடிபட்டால் ஒரு முழுநாள் போதாது. பிடிபடாவிட்டால் இரண்டு மணித்தியாலம் கூட நீளமாகத் தெரியும்.

முதலில் திசை. வாவி, அதாவது கடலோடு சேரும் களப்பு, வடக்குத் தெற்காக ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கிறது. கடல் பக்கம் எழுவான்கரை, மேற்குப் பக்கம் படுவான்கரை. சூரியன் எழும் கரை, படும் கரை என்று பெயரிலேயே வழி சொல்லி வைத்திருக்கிறார்கள் முன்னோர். காலையில் கல்லடிக் கடற்கரைக்குப் போகவேண்டும், மாலையில் படுவான்கரையைப் பார்த்தபடி வாவிக்கரையில் நிற்கவேண்டும். இதை மாற்றிச் செய்தால் இரண்டு இடத்திலும் வெயில் முதுகைச் சுடும், படமும் நன்றாக வராது. சூரியன் உதிப்பது மே, ஜூன் மாதங்களில் 5.45 போல, பெப்ரவரியில் 6.20 போல. மறைவது நவம்பரில் 5.45, ஜூலையில் 6.30 போல. அரைமணி நேரம் முந்தியே போய் நிற்கவேண்டும்.

புளியந்தீவு என்பது நகரத்தின் பழைய பாகம். நாலு பக்கமும் வாவித் தண்ணீர். கோட்டை, பேராலயம், பழைய பள்ளிக்கூடங்கள், ஆனைப்பந்திப் பிள்ளையார் எல்லாம் இதற்குள்தான். பாலத்தைக் கடந்தால் கோட்டைமுனை. கடைவீதி, பஸ் தரிப்பிடம், புகையிரத நிலையம் எல்லாம் அந்தப் பக்கம். கால் நல்லாயிருக்கிற ஆளுக்கு இந்த இரண்டு பகுதிக்கும் ஓட்டோ தேவையில்லை. கல்லடிக்கும் முகத்துவாரத்துக்கும்தான் வேண்டும். ஏறுமுன் தொகையைப் பேசிக்கொள்ளுங்கள். திரும்பி வரும்வரை நிற்கவேண்டுமென்றால் காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்தே பேசவேண்டும். இறங்கும்போது தகராறு வருவது பெரும்பாலும் அந்தக் காத்திருப்புக் காசுக்குத்தான்.

கோட்டையைச் சனி, ஞாயிறு பார்க்க வருவதுதான் வெளியூர்க்காரர் அதிகம் செய்யும் தவறு. உள்ளே நீண்டகாலம் அரச அலுவலகங்கள் இயங்கிய இடம் இது. அதனால் வார நாளில் அலுவலக நேரத்துக்குள் போவதே நிச்சயமான வழி. விடுமுறையிலும் போயா (பூரணை) நாளிலும் உள்ளே விடுவார்கள் என்று நம்பி வந்து வாசலோடு திரும்பாதீர்கள். காலை ஒன்பது மணிக்குப் போனால் வெயில் ஏறுமுன் சுற்றிவிடலாம். போர்த்துக்கேயர் 1628ஆம் ஆண்டில் கட்டிய கோட்டை. 1638 மே 18ஆம் திகதி ஒல்லாந்தர் பிடித்தார்கள். இலங்கையில் போர்த்துக்கேயரிடமிருந்து அவர்கள் முதலில் கைப்பற்றிய கோட்டை இதுதான் என்பதை நினைத்துக்கொண்டு அந்தச் சின்ன வாசலால் நுழையும்போது கால் தானாக ஒரு கணம் நிற்கும். காலி, யாழ்ப்பாணக் கோட்டைகளைப் பார்த்துவிட்டு வருகிறவர்களுக்கு அளவில் இது சிறிதாகத்தான் தெரியும். நாலு கொத்தளம், இரண்டு பக்கம் வாவி, இரண்டு பக்கம் அகழி, அவ்வளவுதான். ஆனால் மதிலின் தடிப்பைப் பக்கத்தில் நின்று பாருங்கள், பீரங்கி இருக்கும் கொத்தளத்தில் ஏறி வாவியைப் பாருங்கள். படகில் வருகிற எவனையும் மறைய விடாத இடம் என்பது உடனே விளங்கும். மழைக்குப் பிறகு மேல் கற்களில் பாசி வழுக்கும். பிள்ளைகளை விளிம்புக்கு விடக்கூடாது.

கோட்டையின் முழு உருவம் உள்ளேயிருந்து தெரியாது. அதற்கு எதிர்க்கரைக்கு வரவேண்டும். காந்தி பூங்காவுக்கும் மட்டக்களப்பு வாயிலுக்கும் வேலை அங்கேதான் தொடங்குகிறது. பாலங்கள் வருமுன் தீவுக்கும் தரைக்கும் போக்குவரத்து நடந்த துறை அது. மெதடிஸ்த பாதிரியார் வில்லியம் ஓல்ட் 1814இல் வந்திறங்கியதும் இந்தத் துறையில்தான். அவர் அதே ஆண்டில் தொடக்கிய பள்ளிக்கூடம்தான் இன்றைய மெதடிஸ்த மத்திய கல்லூரி. வாயிலின் கீழ் நின்று தண்ணீருக்கு அந்தப் பக்கம் பார்த்தால் கோட்டை மதில் தாழ்ந்து கிடப்பது தெரியும். இந்த இரண்டையும் ஒரே பார்வையில் பிடிப்பதற்காகவே பூங்காவுக்கு வரலாம்.

பூங்காவைப் பற்றி நேரே சொல்வதானால், மாலை நாலரைக்குப் பிறகு முழுப் புள்ளி கொடுக்கலாம். அதற்கு முன் கொடுக்கமுடியாது. தண்ணீரோரம் நடைபாதை இருக்கிறது, உட்கார இருக்கைகள் இருக்கின்றன, வயதானவர்களுக்கு மேடு பள்ளமில்லாத தரை. குறை என்னவென்றால் தண்ணீருக்குக் கிட்டவுள்ள இருக்கைகளில் நிழல் போதாது. உச்சி வெயிலில் வாவி கண்ணாடி போல் வெளிச்சத்தைத் திருப்பி அடிப்பதால் கண் கூசும், குடை பிடித்தாலும் கீழிருந்து சுடும். மே முதல் ஓகஸ்ட் வரை கச்சான் காற்று வீசும் நாட்களில் இன்னும் மோசம். மேற்கேயிருந்து வரும் அந்த வறண்ட காற்று உதட்டை வெடிக்க வைத்துவிடும். அந்த மாதங்களில் தலைக்கு ஒரு துணியும் ஆளுக்கு ஒரு லீற்றர் தண்ணீரும் இல்லாமல் வெளியே இறங்கக்கூடாது. பொழுது பட்டதும் கரையோரத்தில் நுளம்பு எழும்பும், குழந்தைகளுக்கு நீளக் கைச்சட்டை போடுவது நல்லது. கழிப்பிடத்தை நம்பி வரவேண்டாம், சாப்பிட்ட கடையிலோ தங்குமிடத்திலோ முடித்துக்கொண்டு வாருங்கள். கச்சான் கொட்டைச் சுருள் வாங்கினால் கோதைத் தண்ணீருக்குள் போடாமல் சுருளுக்குள்ளேயே சேர்த்து எடுத்துப் போங்கள்.

வாவியில் கால் நனைக்க ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்த வாவியில் முதலை உண்டு. படித்துறை போல் தெரிகிற இடத்திலும், கண்டல் மரங்களின் அடியிலும், குறிப்பாகப் பொழுது மங்கிய பிறகு இறங்கவே கூடாது. மீனவர் இறங்குகிறார்களே என்று பார்த்து இறங்காதீர்கள். அவர்களுக்குத் தண்ணீரின் அசைவு தெரியும்.

இனிச் சந்தை. வாவிக்கரை ஊரின் உண்மையான பெருமை சாமான் கடையில் இல்லை, மீன் தட்டில் இருக்கிறது. விடியப்புறம் ஆறு மணிக்கும் எட்டுக்கும் இடையில் போகவேண்டும். இரவு போட்ட வலையின் மீன் வந்து இறங்கும் நேரம் அது. செல்வன், மணலை, கொடுவா, வாவி இறால், களப்பு நண்டு எல்லாம் அப்போது தெரிவு செய்யலாம். ஒன்பதரைக்குப் பிறகு விலை இறங்கும், ஆனால் மிஞ்சியதைத்தான் வாங்கவேண்டும். ஐஸ் இல்லாமல் வெயிலில் கிடந்த மீன் அந்த ஊர் வெக்கையில் ஒரு மணித்தியாலத்தில் தளர்ந்துவிடும்.

நண்டு வாங்கத் தெரியாமல் ஏமாறுகிறவர்கள் அதிகம் என்பதால் அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். கண்ணுக்கு எதிரே விரலை ஆட்டினால் கண் உள்ளே போகவேண்டும், வாயில் நுரை கட்டவேண்டும். அது உயிர் இருப்பதற்கு அடையாளம். ஆனால் உயிர் மட்டும் போதாது. ஒரே அளவான இரண்டு நண்டைக் கைக்கு ஒன்றாகத் தூக்கிப் பாருங்கள். பாரமானதில்தான் சதை இருக்கும். பிறகு திருப்பிப் பிடித்து, பின்னங்காலுக்குக் கிட்டவுள்ள அடி ஓட்டைப் பெருவிரலால் அமத்திப் பாருங்கள். கல்லுப் போல் இருந்தால் எடுக்கலாம். உள்ளே போய் வந்தால் விட்டுவிடுங்கள். அது ஓடு கழற்றிப் புது ஓடு போட்ட நண்டு. புது ஓடு பெரிதாக இருக்கும், உள்ளே சதை இன்னும் வளர்ந்திருக்காது, இடம் முழுவதும் தண்ணீர்தான். சட்டியில் போட்டதும் கறி தண்ணீராகி, உடைத்துப் பார்த்தால் நூல் நூலாகக் கொஞ்சம் இருக்கும். ‘நிறுத்துப் பார்த்தால் ஒரு கிலோ, தின்றுபார்த்தால் கால் கிலோ’ என்று ஆகிவிடுவது இதனால்தான். வயிற்று மடிப்பு ஒடுங்கிய முக்கோணமாக இருந்தால் ஆண், அகன்று வட்டமாக இருந்தால் பெண். கால் சதை வேண்டுமானால் ஆண் நண்டு எடுக்கவேண்டும். வயிற்றுக்கு வெளியே சினை தொங்குகிற பெண் நண்டை வாங்காதீர்கள், எவ்வளவு மலிவென்றாலும் வேண்டாம். அடுத்த வருசத்து வாவி அதற்குள்தான் இருக்கிறது. கால் கட்டிய கயிற்றையும் பாருங்கள். தடித்த கயிறு தண்ணீரில் ஊறியிருந்தால் அதுவும் உங்கள் கணக்கில் நிறுக்கப்படும். மெல்லிய கயிற்றால் கட்டியதைக் கேட்டு வாங்கலாம், வியாபாரி கோபிக்கமாட்டார்.

வீடுவரை உயிரோடு கொண்டுபோவதற்கு நனைத்துப் பிழிந்த சாக்குப் போதும். பொலித்தீன் பையில் தண்ணீர் ஊற்றி அதற்குள் நண்டை விடுவதுதான் வழமையான பிழை. அசையாத கொஞ்சத் தண்ணீரில் இருக்கிற ஒட்சிசன் சீக்கிரம் தீர்ந்து நண்டு செத்துவிடும். ஈரக் காற்று பட்டால் பல மணித்தியாலம் தாங்கும். செத்த நண்டு சமைக்க உதவாது. இறாலுக்கு இவ்வளவு சோதனை வேண்டாம். தலை உடலோடு இறுகப் பிடித்திருக்கவேண்டும், தலையடி கறுத்திருக்கக்கூடாது, அவ்வளவுதான்.

பத்து மணியிலிருந்து மூன்றரை வரை வெளியே அலையாமல் கடைக்குள் இருக்கவேண்டிய நேரம். கோட்டைமுனைக் கடைவீதியில் துணி, பாத்திரம், நகை என்று எல்லா ஊரிலும் உள்ளதுதான் உண்டு. ஞாயிற்றுக்கிழமையும் போயா நாளும் பாதிக் கதவு மூடியிருக்கும். கைத்தறிக்காக வருகிறவர்கள் நகரத்தோடு நிற்காமல் தெற்கே ஆறு கிலோமீற்றர் அளவில் காத்தான்குடிக்குப் போகவேண்டும். பிரதான வீதியின் நடுவே பேரீச்சை மரங்கள் வரிசையாக நிற்கும், இடம் தெரியாமல் தாண்டிப் போக வழியில்லை. வெள்ளிக்கிழமை மதியம் ஜும்ஆத் தொழுகைக்காகக் கடைகள் மூடும். அன்று போவதென்றால் பதினொன்றரைக்குள் முடிக்கவேண்டும், இல்லாவிட்டால் இரண்டு மணிக்குப் பிறகு போகவேண்டும். நெசவுக்கே பேர்போன மருதமுனை இன்னும் தெற்கே, அம்பாறை மாவட்டத்தில், கல்முனைக்குச் சற்று முன்னால் இருக்கிறது. நேரம் இருப்பவர்கள் கல்முனை பஸ்ஸில் ஏறி அங்கேயே போய்விடலாம்.

கைத்தறி என்று சொல்லி மெசின் துணியும் கலந்து விற்கப்படும் என்பதால் சேலையைக் கையில் எடுத்துக் கரையைப் பாருங்கள். தறியில் துணியை அகலமாக இழுத்துப் பிடிக்கும் கம்பின் ஊசிமுனை பதிந்த சிறு துளைகள் கரையோரம் இடைவிட்டுத் தெரியும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் ஊடுநூல் அங்கொன்று இங்கொன்று நெருங்கியும் விலகியும் இருக்கும். கை இழுத்த வேகம் அது, பழுதல்ல. ஒரே சீராக, துளையே இல்லாமல் இருந்தால் கைத்தறி விலை கொடுக்கவேண்டியதில்லை. அடுத்தது சாயம். வெள்ளைக் கைலேஞ்சியை நனைத்து, விரித்த சேலையின் உள்முந்தியில் அரை நிமிடம் தேய்த்துப் பாருங்கள். சிவப்பும் கருநீலமும்தான் அதிகம் இறங்கும். கொஞ்சம் ஒட்டினால் முதல் கழுவலை உப்புத் தண்ணீரில் தனியாகச் செய்யலாம். கைலேஞ்சி முழுதும் நிறமானால் வேறு சேலை கேளுங்கள். நீளத்தையும் அளக்கச் சொல்லவேண்டும். ஐந்தரை மீற்றருக்குள் சட்டைத் துண்டும் அடக்கமா, புறம்பா என்பதைக் கேட்காமல் காசு கொடுத்துவிட்டுத் தையற்காரரிடம் போய் முழிப்பவர்கள் இருக்கிறார்கள். பருத்தி முதல் தண்ணீரில் சுருங்கும், சாரம் வாங்குபவர்கள் உயரத்தில் ஒரு விரலாவது கூட இருக்கிறதா என்று பார்க்கவேண்டும்.

பன்பாய் வாங்குவதானால் மழைக்காலத்தில் வேண்டாம். சரியாகக் காயாத பன்னில் இழைத்த பாய் வீட்டுக்குப் போன கிழமையே கறுப்புப் புள்ளி விழும். சுருட்டி மூக்கில் பிடித்துப் பார்த்தால் புல் மணம் வரவேண்டும், புழுங்கிய மணம் வரக்கூடாது.

மதியச் சாப்பாடு பன்னிரண்டுக்கும் ஒன்றரைக்கும் இடையில். இரண்டுக்குப் பிறகு போனால் சோறு இருக்கும், வாவி மீன் கறி முடிந்திருக்கும். கடலை, முட்டை என்று ஏதோ ஒன்றைப் போட்டு அனுப்புவார்கள்.

மாலை கல்லடிப் பாலம். ஒன்றல்ல, இரண்டு. பழையது 1924இல் இரும்பால் கட்டிய சீமாட்டி மானிங் பாலம். ஆளுநரின் மனைவி பெயர் அது. அதன் பக்கத்திலே 2013இல் திறந்த புதுப்பாலம், ஏறக்குறைய 290 மீற்றர் நீளம். பெரிய வாகனங்கள் புதியதற்குப் போனதும் பழைய பாலம் நடக்கிறவர்களுக்கு மிஞ்சியது. இந்த ஊரில் காசில்லாமல் கிடைக்கிற மிகப் பெரிய சந்தோசம் அதுதான் என்று சொல்லத் தயக்கமில்லை. நடுப்பாலத்தில் நின்று மேற்கே பாருங்கள். தோணிக்காரர் வலை வளைக்க, பின்னால் படுவான்கரைத் தென்னைகள் கறுத்து, தண்ணீர் முதலில் செம்பாகிப் பிறகு ஈயமாகும். இரும்புச் சட்டத்தில் கை வைத்தால் பகல் சூடு அப்போதும் இருக்கும். மோட்டார் சைக்கிள் பின்னால் வந்தால் ஒதுங்க இடம் குறைவு, பிள்ளைகளை ஓரப்பக்கமாகப் பிடித்துக்கொள்ளுங்கள்.

வாவித் தண்ணீருக்குள்ளிருந்து வரும் ‘பாடும் மீன்’ சத்தத்தைக் கேட்க வருகிறவர்களும் இந்தப் பாலத்துக்குத்தான் வருகிறார்கள். ஏப்ரலிலிருந்து செப்டம்பர் வரை, பூரணை இரவுகள்தான் பருவம். பிரித்தானிய ஆட்சியில் குடியேற்ற நாட்டுச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ட் 1848 செப்டம்பரில் வாவிக்கு வந்து இந்தச் சத்தத்தைக் கேட்டுப் பதிந்து வைத்திருக்கிறார். மீனா, ஊரி என்கிற ஓட்டு நத்தையா என்ற வாதம் அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது. ஆனால் பாலத்தில் நின்று காதைத் தீட்டினால் கேட்பது பெரும்பாலும் பக்கத்துப் பாலத்து லொறிச் சத்தம்தான். ஏமாற்றத்துக்குக் காரணம் இதுவே. தோணி பிடித்துப் பாலத்தை விட்டு விலகி, காற்றில்லாத இரவில், இயந்திரத்தை நிறுத்தி, துடுப்பின் அலகைத் தண்ணீருக்குள் விட்டு மறுமுனையைக் காதோடு சேர்த்துப் பிடிக்கவேண்டும். மரம் தண்ணீரின் அதிர்வைக் காதுக்குக் கொண்டுவரும். படகில் யாரும் பேசவோ அசையவோ கூடாது. அப்படியும் எல்லா இரவிலும் கேட்காது. உயிர்காப்பு அங்கி தராத படகில் ஏறவே வேண்டாம்.

பாலம் கடந்தால் கல்லடி. யாழிசை ஆய்வில் வாழ்நாளைச் செலவிட்ட விபுலானந்த அடிகளின் (1892–1947) சமாதி இந்தப் பக்கம்தான். பள்ளிக்கூட வளவு என்பதால் பாட நேரத்தில் கேட்டுத்தான் உள்ளே போகவேண்டும். கடற்கரை காலைக்கு உகந்தது. மணல் சுத்தமாக, அகலமாக இருக்கும், ஆனால் கரை சட்டென்று ஆழமாகும், இழுப்பும் உண்டு. முழங்காலுக்கு மேல் இறங்கவேண்டாம். நவம்பர் முதல் ஜனவரி வரை கடல் கொந்தளிப்பு, அப்போது கரையோடு நில்லுங்கள். 2004 சுனாமி இந்தக் கரையில் எத்தனை வீடுகளைக் கொண்டுபோனது என்பதை அறிந்தவர்கள் அங்கே சத்தமாகக் கூத்தடிப்பதில்லை. வருகிறவர்களும் அந்த மரியாதையைக் காப்பது நல்லது.

பிள்ளைகளோடு வருகிறவர்களுக்கு முகத்துவாரத்துப் பக்கம், பாலமீன்மடு வெளிச்சவீடு. 1913இல் கட்டியது, 28 மீற்றர் உயரம். கண்டல் காட்டுக்குள் படகோட்டமும் உண்டு. மூன்றரைக்குப் போனால் ஐந்தரைக்குத் திரும்பிவிடலாம். மாரியில் வாவி பெருகினால் படகு ஓடாது.

தயிரைக் கடைசியாக வாங்குங்கள், இரவு ரயில் ஏறப் போகிற வழியில். படுவான்கரை எருமைத் தயிர்ச் சட்டியை மெல்லச் சரித்துப் பார்த்தால் தயிர் அசையக்கூடாது, ஓரத்தில் தண்ணீர் ஓடக்கூடாது, மேலே மஞ்சள் ஆடை படிந்திருக்கவேண்டும். மண்சட்டி தயிரின் தண்ணீரை உறிஞ்சுவதால்தான் அந்தக் கட்டி. அதே காரணத்தால் சட்டியின் வெளிப்பக்கமும் வேர்க்கும். சேலைப் பைக்குள் வைத்தால் சேலை போச்சு. பழைய பத்திரிகை நாலு மடிப்பாகச் சுற்றி, வாயை இறுக்கிக் கட்டி, இருக்கைக்குக் கீழே இரண்டு செருப்புக்கும் நடுவில் நிமிர்த்தி வையுங்கள். விடிய கொழும்புக் கோட்டை புகையிரத நிலையத்தில் இறங்கும்போது கொஞ்சம் புளித்திருக்கும், பாணி விட்டால் சரியாகும்.